53 வயதில் 50+ பிரிவு: காற்றுக்கு எதிரே 20 கி.மீ. டைம் டிரையல், பிறகு ஒரு மலையேற்றம்

காங்கேயத்தான்

வணக்கமுங்க. வயசு 53, உயரம் 170 செ.மீ., எடை 74 கிலோ. 50+ பிரிவுல ரெண்டு போட்டிக்குப் பேர் குடுக்கலாம்னு இருக்கறனுங்க. முதல்ல 20 கி.மீ. டைம் டிரையல் (ஒவ்வொருத்தரா தனியா நேரத்தோட ஓட்டற போட்டி), 10 போயி அதே ரோட்டுல 10 திரும்பி வரோணும். தட்டை ரோடு, ஆனா மேல்காத்து அடிக்கற மாசம். அதுக்கு இன்னும் 12 வாரம் இருக்குது. அதுக்கப்பறம் அஞ்சு வாரம் கழிச்சு ஆழியாறு–வால்பாறை மாதிரி கொண்டை ஊசி வளைவு ரோட்டுல மலையேத்தம்.

இப்ப ஓட்டறது: வாரத்துல நாலு நாள் 30 கி.மீ., ஞாயித்துக்கிழமை 80. எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே வேகம், 26-27. ஆறு மாசமா இந்த வேகம் அசையவே இல்லீங்க. வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல ஒதுக்கறதுக்கு வழியில்லை.

வண்டி 8 கியர், முன்னாடி 50/34 பல், பின்னாடி 11-28 பல், ரிம் பிரேக், 25 மி.மீ. டயர். நெஞ்சுல கட்டற இதயத்துடிப்புப் பட்டை இருக்குது, மிதிக்கற பலத்தை வாட்டுல காட்டற பவர் மீட்டர் இல்லை. பிபிக்கு டெல்மிசார்டான் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 ரெண்டும் சேர்ந்த மாத்திரை. முட்டி முன்பக்கம் வலிச்சா டைக்ளோஃபெனாக் போட்டுக்கறது.

இன்னும் கிலோமீட்டர் கூட்டோணுமுங்களா? வண்டியில எதை மாத்தறது அவசியம், எது வீண் செலவு? இந்த மாத்திரையோட போட்டியில கலந்துக்கலாமா?

சிறுவாணி

கிலோமீட்டரைக் கூட்டாதீங்க. வாரம் 200 கி.மீ. இந்தப் போட்டிக்குத் தாராளம். எல்லா நாளும் 26-27 என்பதுதான் சிக்கல். அந்த வேகம் உடம்பை ஆறவும் விடாது, புதுசா எதையும் கட்டவும் சொல்லாது. சுலபமான நாளை நன்றாகச் சுலபமாக்கி, கடினமான நாளை நிஜமாகவே கடினமாக்கணும்.

வயது ஏற ஏற முதலில் கரைவது உச்ச ஆக்ஸிஜன் கொள்ளளவும் (முழு முயற்சியில் உடம்பு ஒரு நிமிடத்தில் பயன்படுத்தும் ஆக்ஸிஜன்), வேகமாகச் சுருங்கும் தசை நார்களும். உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் ஆக்ஸிஜன் கொள்ளளவு குறையும். தீவிரப் பயிற்சியை விடாதவர்களுக்கு அதில் பாதி அளவுதான். பிரான்ஸின் சைக்கிள் வீரர் ராபர்ட் மார்ஷான் 2012-ல் 100 வயதில் ஒரு மணி நேரத்தில் 24.250 கி.மீ. ஓட்டினார், 2014-ல் 102 வயதில் 26.927 கி.மீ. ஆய்வாளர் வெரோனிக் பிலா குழுவினர் அவரை 101 வயதிலும் 103 வயதிலும் அளந்தபோது கொள்ளளவு கிலோவுக்கு நிமிடத்துக்கு 31-லிருந்து 35 மில்லிலிட்டராக உயர்ந்திருந்தது. நடுவில் அவர் ஓட்டியதில் 80 சதவீதம் லேசானது, 20 சதவீதம் கடினமானது. 53 வயசு உங்களுக்குத் தடையே கிடையாதுங்க.

முதலில் எல்லைத் துடிப்பை, அதாவது நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச முயற்சியின் துடிப்பைக் கண்டுபிடிங்க. 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு வேண்டாம். 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது பெரியவர்களுக்குக் கொஞ்சம் பொருந்தும். உங்களுக்கு 171 வரும். அதுவும் ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு மேலே கீழே போகும். அதனால் சோதனைதான் சரி: 20 நிமிடம் உடம்பைச் சூடாக்கி, தனியாக 30 நிமிடம் முழு முயற்சி. கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்புதான் எல்லை. 156 வந்தது என்று வைத்துக்கொள்வோம். லேசான நாளில் அதில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 132. முதல் இரண்டு வாரம் இது அவமானமாகத் தோன்றும் அளவுக்கு மெதுவாக இருக்கும். பக்கத்தில் யார் முந்தினாலும் விட்டுடணும்.

செவ்வாய்: சூடாக்கிவிட்டு 8 நிமிடம் கடினம், 4 நிமிடம் லேசு, இப்படி மூன்று தடவை. நான்காவது வாரத்திலிருந்து நான்கு தடவை. துடிப்பு மேலே வர இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும், அதனால் ஆரம்பத்தில் பட்டையைப் பார்த்து மிதிக்காதீங்க. ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாத மூச்சு, அதுதான் அளவு. பின்பாதியில் 156-லிருந்து 163-க்குள் நிற்கணும். கடைசி 8 நிமிடம் முதல் 8 நிமிடத்தைவிட வேகம் குறைந்தால் முதலாவதை அதிகமாக மிதிச்சிருக்கீங்க.

வெள்ளி: முதல் ஆறு வாரம் குறுவெடிப்பு. 30 வினாடி பலமாக, 15 வினாடி லேசாக, தொடர்ந்து 13 தடவை. 3 நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று சுற்று. ஏழாவது வாரத்திலிருந்து இதற்குப் பதில் போட்டி வேகத்தில் 15 நிமிடம் இரண்டு தடவை, எதிர்க்காற்றில். ஞாயிறு மூன்று மணி நேரம் லேசான ஓட்டம். புதன் முக்கால் மணி நேரம் காலை ஆட்டிவிடும் அளவுக்கு மட்டும். மற்ற நாள் சைக்கிளைத் தொடவேண்டாம்.

இரண்டு கடின நாளுக்கு நடுவில் 72 மணி நேரம் வேணும். முப்பது வயசுக்காரருக்கு 48 போதும், அவரோடு சேர்ந்து பயிற்சி செய்யும்போதுதான் ஐம்பது வயசுக்காரர் கெட்டுப்போவது. ஏழு நாள் வாரத்துக்குள் அடங்கவில்லையென்றால் ஒன்பது நாளை ஒரு சுற்றாக வைத்துக்கலாம், தப்பில்லை. மூன்று வாரத்தில் ஒரு வாரம் நேரத்தை 40 சதவீதம் குறைக்கணும். காலையில் எழுந்ததும் எண்ணும் துடிப்பு இரண்டு நாள் தொடர்ந்து 6-7 கூடுதலாக இருந்தாலோ, முதல் 8 நிமிடத்தில் துடிப்பு மேலேயே வராமல் கால் மட்டும் கனத்தாலோ அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிடுங்க. கடைசி பத்து நாளில் நேரத்தைப் பாதியாக்குங்க, வேகத்தைக் குறைக்காதீங்க.

பேர் குடுக்கும் முன் வயது விதியைப் படிச்சுக்கோங்க. சர்வதேச மாஸ்டர்ஸ் போட்டிகளில் பிறந்த ஆண்டுதான் கணக்கு, 50-54, 55-59 என்று ஐந்தைந்து வருஷப் பிரிவு. நம்ம பக்கத்துப் போட்டிகளில் போட்டி நாளன்று உள்ள வயதைக் கேட்பவர்களும் உண்டு, 50-க்கு மேல் எல்லாரையும் ஒன்றாகச் சேர்ப்பவர்களும் உண்டு.

ஈரோடு மருந்தாளுநர்

மாத்திரை பற்றி மட்டும் சொல்றேனுங்க. ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீர் பெருக்கி வகை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் போட்டி நாள், மற்ற நாள் என்ற பேதமே இல்லாமல் எப்போதும் தடை செய்யப்பட்டது. அது வேகத்தைக் கூட்டாது. ஆனால் வேறு மருந்தைச் சிறுநீரில் மறைக்க உதவும் என்பதால் தடை. 12.5 மி.கி. தானே, டாக்டர் எழுதினதுதானே என்ற பதில் எடுபடாது. தேசியக் கூட்டமைப்பின் உரிமத்தோடு நடக்கும் போட்டியென்றால் பரிசோதனை வரலாம், மாஸ்டர்ஸுக்கும் விலக்கு கிடையாது. குளோர்தாலிடோன் சேர்ந்த கூட்டு மாத்திரைக்கும் இதே கதிதான். அட்டையில் மருந்துப் பெயருக்குப் பின்னால் எச், சிடி, ஏஎச் என்று எழுத்து இருந்தால் உள்ளடக்கத்தைப் படிங்க.

தானாக நிறுத்திடாதீங்க. டாக்டரிடம் போய், போட்டிக்குப் போறேன், சிறுநீர் பெருக்கி இல்லாத மருந்து வேணும் என்று கேளுங்க. டெல்மிசார்டான் தனியாகவோ, அம்லோடிபைனோடு சேர்த்தோ எழுதுவது சாதாரணமாக நடப்பதுதான். இரண்டும் தடையில் இல்லை. அம்லோடிபைன் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும், ஷூ இறுகும். மெட்டோபுரோலால், அட்டெனலால் வகை பிபி மருந்து சைக்கிளில் தடையில்லை, ஆனால் உச்சத் துடிப்பையே இறக்கிவிடும். அதைச் சாப்பிடுபவர் மேலே சொன்ன துடிப்புக் கணக்கை அப்படியே எடுத்துக்கக் கூடாது, மூச்சை வைத்துத்தான் அளக்கணும். மாற்று மருந்து ஒத்துவராதவர்களுக்குத்தான் சிகிச்சை விலக்கு (தடை மருந்தைச் சிகிச்சைக்காகச் சாப்பிட அனுமதி) விண்ணப்பம். அதைப் போட்டிக்கு முன்பே போடணும். மருந்து மாற்றினபிறகு இரண்டு வாரம் காலை மாலை பிபி குறித்துவையுங்க, அது நிலைக்கும் வரை கடின நாள் வேண்டாம். 12 வாரம் இருப்பதால் இந்த வாரமே டாக்டரைப் பார்த்தால் எதுவும் கெடாது.

நம்ம வயதுக்காரர்கள் தெரியாமல் மாட்டுவது இன்னும் சிலது இருக்கு. நெஞ்சுவலிக்கு எழுதும் டிரைமெட்டாசிடின் எப்போதும் தடை. இன்சுலினுக்குச் சிகிச்சை விலக்கு வேணும். டிரமடால் 2024 ஜனவரியிலிருந்து போட்டி நாளில் தடை. பிரெட்னிசோலோன் மாத்திரையும், முட்டியில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் போட்டி நாளில் தடை. ஊசி எத்தனை நாள் உடம்பில் தங்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். மூட்டுவலி லேகியம், பெயர் தெரியாத பொடி எதுவும் வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு கலப்படம் பிடிபட்டிருக்கு.

தடையைவிட எனக்குக் கவலை தருவது டைக்ளோஃபெனாக்தான். டெல்மிசார்டான், சிறுநீர் பெருக்கி, டைக்ளோஃபெனாக், இந்த மூன்றும் ஒரே நேரத்தில் உடம்பில் இருந்து, வெயிலில் ஒன்றரை மணி நேரம் வியர்த்தும் விட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் மூன்று பக்கமிருந்தும் குறையும். திடீர் சிறுநீரகப் பாதிப்பு வருவது இந்தச் சேர்க்கையில்தான். ஓட்டுவதற்கு முன் வலி மாத்திரை போடவே போடாதீங்க. முட்டி வலிக்கு மருந்து சீட் உயரத்தில் இருக்கலாம், பட்டறைக்காரரைக் கேளுங்க.

8 நிமிடக் கடின ஓட்டம் தொடங்கும் முன் ஈசிஜி, எக்கோ, டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்க்கும் இதயச் சோதனை), சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின் எல்லாம் ஒரு தடவை பார்த்துக்கணும். டிஎம்டி சரியாக வந்தாலும் அதுவே முழு உத்தரவாதம் ஆகாது. ஏற்றத்தில் நெஞ்சு இறுக்கம், தாடை வலி, கண் இருட்டல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தணும். பட்டையில் துடிப்பு திடீரென்று 40 ஏறினால் முதலில் பட்டையை நனைத்துப் பாருங்க. காய்ந்த பட்டையும் அப்படிக் காட்டும். நனைத்த பிறகும் அப்படியே நின்று, நெஞ்சு படபடத்தால் ஈசிஜி எடுக்கணும். பல வருஷம் நீண்ட தூரம் ஓட்டுபவர்களிடம் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கூடுதலாகவே காணப்படுது.

பட்டறை 700சி

முட்டி முன்பக்கம் வலின்னா பெரும்பாலும் சீட் கீழ இருக்குதுன்னு அர்த்தமுங்க, இல்லாட்டி நெம்ப முன்னாடி தள்ளி இருக்குது. சுவத்துல முதுகை ஒட்டி, செருப்பில்லாம நின்னு, கவுட்டில ஒரு தடிப் புஸ்தகத்தை நல்லா அழுத்தி வெச்சு, தரையிலிருந்து புஸ்தக மேல் விளிம்பு வரைக்கும் அளங்க. அதை 0.883-ஆல பெருக்குங்க. 79 செ.மீ. வந்தா 69.8. கிராங்க் அச்சு மையத்திலிருந்து சீட் மேல் வரைக்கும் அந்த உயரம் ஆரம்பத்துக்கு வெச்சு, அப்பறம் ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல மாத்தாம பத்து நாள் ஓட்டிப் பாருங்க. முட்டி பின்பக்கம் இழுத்தா உயரம் அதிகம்.

காசு போடறதுல முதல் இடம் டைம் டிரையலுக்கு மாட்டற ஏரோ பாருக்குத்தான், முன்கையை ஊனிக் குனிஞ்சு பிடிக்கற கம்பி அது. உங்க எடைக்கு, காத்தில்லாத தட்டை ரோட்டுல 200 வாட் மிதிச்சா, சாதாரண பிடியில 33 கி.மீ. வேகம் வரும், முன்கையைத் தாங்கி உடம்பைச் சுருக்கினா கணக்குப்படி 35. 20 கி.மீ.க்கு ரெண்டு நிமிசம் மிச்சம். இதுக்கு ஈடு குடுக்கற சக்கரம் எதுவும் கிடையாது. மாட்டறப்ப சீட்டை 15 மி.மீ. முன்னாடி தள்ளி, 5 மி.மீ. ஏத்துங்க. கழுத்துக்காக முன்கைத் தாங்கியை 30-40 மி.மீ. உசத்தி வைங்க. தலையைத் தூக்க முடியாம ரோட்டையே பாத்துட்டு ஓட்டறவருக்கு ஏரோ பார் ஆபத்துங்க. வாரம் ரெண்டு நாள் அதுல பழகோணும். கூட்டமா ஓட்டற போட்டியில இதைக் கழட்டச் சொல்லுவாங்க, விதியைப் பாருங்க.

மலைக்கு 11-28 பத்தாது. 7 சதவீத ஏத்தத்துல மணிக்கு 10 கி.மீ. போறதுக்கே உங்களுக்கு 180 வாட் பக்கம் வேணும். அந்த வேகத்துல முன் 34க்கு பின் 28-ல மிதி நிமிசத்துக்கு 65, முன் 34க்கு பின் 34-ல 79. அந்த 14 சுத்து வித்தியாசம்தான் முட்டியைக் காப்பாத்தறது. ஆனா செயினைப் பல் மாத்தற பின் டீரெய்லர் குட்டைக் கூண்டா இருந்தா 34 பல் ஏறாது. கூண்டு உள்பக்கம் ஜிஎஸ்னு அச்சிட்டிருந்தா நீளக் கூண்டு. ஷிமானோ கிளாரிஸ் ஆர்2000 மாடல்ல அது 34 வரைக்கும் எடுக்கும். அதுக்கு முந்தின மாடல்னா 32-ஓட நிறுத்திக்கோங்க. செயினும் பத்தாது: டீரெய்லர்ல கோக்காம முன் பெரிய பல்லு, பின் பெரிய பல்லு மேல சுத்தி, அதுக்கு மேல ரெண்டு கண்ணி சேர்த்து அளந்து வெட்டுங்க. இதைச் செய்யாம 34-ஐ மாட்டி 50-ல போட்டா டீரெய்லர் அதைத் தாங்கற ஹேங்கரோட பிஞ்சு வந்துரும்.

ஒரு விசயம். 8 கியர் 11-34-ல 17-க்கு அப்பறம் 20, 26-க்கு அப்பறம் நேரா 34. டைம் டிரையலுக்கு இந்தத் தாவல் ஆகாது. 11-28-ஐத் தூக்கிப் போடாம வெச்சிருந்து அதுக்கு இதையே மாட்டுங்க, மலைக்கு மட்டும் 34. நீளமான செயின் ரெண்டுக்கும் ஓடும், டீரெய்லரோட இடைவெளியை மாத்தற பி-திருகை மட்டும் ஒவ்வொரு தடவையும் சரி பண்ணோணும். மேல் புல்லிக்கும் பெரிய பல்லுக்கும் 5-6 மி.மீ. இடைவெளி இருக்கோணும்.

டயர் 28 மாட்டறதுக்கு பிரேக்குக்கும் டயருக்கும் நடுவுல 4 மி.மீ. இருக்குதான்னு பாருங்க. இருந்தா மாத்துங்க, முன்னாடி 65 பிஎஸ்ஐ, பின்னாடி 72. 25-லயே இருந்தா 80-ம் 85-ம். காலையில அடிச்ச காத்து வெயில்ல 20 டிகிரி சூடேறினா 6 பிஎஸ்ஐ கூடும், அதையும் கணக்குல வைங்க. காங்கேயம் பக்கம் ரோட்டோரம் முழுக்க வேலிமுள்ளு, அப்பறம் லாரி டயர் வெடிச்சு சிதறின கம்பித் துணுக்கு. ஓட்டி முடிச்சதும் டயரை ஒரு சுத்து விரல்ல தடவி, கம்பியை ஊசியில எடுத்துருங்க. இன்னைக்கு உள்ள போன கம்பி நாளைக்குத்தான் டியூபைக் குத்தும்.

செராமிக் பேரிங், டைட்டானியம் போல்ட், இதெல்லாம் இப்பத்திக்கு வீண் செலவுங்க.

காங்கேயத்தான்

ரெம்ப நன்றிங்க எல்லாருக்கும். சீட்டை அளந்தா 2 செ.மீ. கீழதான் இருக்குது. டாக்டருக்கு வியாழக்கிழமை நேரம் வாங்கியாச்சு. இன்னும் ஒண்ணு: பவர் மீட்டர் இல்லாம எதிர்க்காத்துல எவ்வளவு மிதிக்கறது, பின்காத்துல எவ்வளவு மிதிக்கறதுன்னு எப்படித் தெரியும்? எந்த ரோட்டுல பழகறது?

உடுமலைக்காத்து

2 செ.மீ.யை ஒரே நாளில் ஏத்திடாதீங்க அண்ணா, பட்டறைக்காரர் சொன்ன 3 மி.மீ. கணக்கிலேயே போங்க. இல்லாட்டி முன்பக்க வலி பின்பக்கம் வரும்.

காற்றுக்கு வருவோம். பாலக்காட்டுக் கணவாய் வழியா ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் காற்று இது. 200 வாட் மாறாமல் மிதிக்கும் ஒருவருக்கு மணிக்கு 12-13 கி.மீ. காற்று எதிரே இருந்தால் வேகம் 27, பின்னால் இருந்தால் 42. எதிர்ப்பக்கம் 10 கி.மீ.க்கு 22 நிமிடம், திரும்பும் 10 கி.மீ.க்கு 14 நிமிடம். போட்டி நேரத்தில் பத்தில் ஆறு பங்கு எதிர்க்காற்றில்தான் கழியுது. அதனால் கூடுதல் பலத்தை அங்கேதான் செலவு பண்ணணும். பின்காற்றில் அதே பலத்தைக் கூட்டினாலும் 42-க்கு மேல் வேகம் லேசில் ஏறாது. எதிர்ப்பக்கம் எல்லைக்கு 3-4 சதவீதம் மேலே, பின்காற்றில் 5-8 சதவீதம் கீழே, இதுதான் பங்கீடு.

பவர் மீட்டர் இல்லாமல் இதைத் துடிப்பில் படிக்கலாம். சிறுவாணி சொன்ன 156-ஐ வைத்துக்கொண்டால், எதிர்க்காற்றில் முதல் மூன்று நிமிடம் 150-ஐத் தாண்ட விடாதீங்க, ஐந்தாவது நிமிடத்தில் 157, திரும்பும் இடத்துக்கு வரும்போது 160. வேகமானியைத் திரையிலிருந்தே எடுத்துடுங்க; எதிர்க்காற்றில் 25 என்று காட்டினால் பதறிப்போய் மிதிச்சு எட்டாவது கிலோமீட்டரில் கால் செத்துப்போகும். உங்க 11-28-ல் எதிரே 50க்கு 19 போட்டால் 27 கி.மீ. வேகத்துக்கு மிதி 81. பின்காற்றில் 50க்கு 13, 42 கி.மீ. வேகத்துக்கு 86. திரும்பும் இடத்துக்கு 50 மீட்டர் முன்பே இரண்டு கியர் லேசாக்கிடணும். திரும்பினதும் எழுந்து நின்று பத்து வினாடி மிதிச்சு வேகம் பிடிச்சு, உடனே படுத்துடணும். நிறையப் பேர் பெரிய கியரிலேயே திரும்பி, நின்றுபோய், தொடை இறுகி அரை நிமிடம் இழக்கறாங்க.

பழகுவதற்கு காங்கேயம்–வெள்ளகோயில் பக்கம் கிழக்கு மேற்காகப் போகும் ரோடு தோதானது. ஆரம்பத்தை வெள்ளகோயில் முனையில் வைத்தால் போகும்போது எதிர்க்காற்று. அது நெடுஞ்சாலை, லாரி ஓட்டம் அதிகம், அதனால் 15 நிமிடத் தொகுதிக்கு அதற்கு இணையாகப் போகும் கிராமத்து ரோடாகப் பார்த்துக்கோங்க. விடியற்காலை காற்று பாதிகூட இருக்காது. காற்றோடு பழகணும்னா எட்டு, எட்டரை மணிக்கு மேல்தான் போகணும். காற்றாலைகளைப் பார்த்தால் போதும், அவற்றின் முகம் திரும்பியிருக்கும் திசைதான் காற்று வரும் திசை. போட்டிக்கு முந்தின நாள் அதே நேரத்தில் போய்ப் பார்த்துட்டு வந்தால் எந்தப் பாதியில் செலவழிக்கணும் என்று முடிவாகிடும்.

தாராபுரம் ரோட்டில் மட்டும் கவனம். அது வடக்கு தெற்காகப் போவதால் தெற்கே போகும்போது காற்று வலது விலாவில் அடிக்கும், நீங்க தன்னையறியாமல் வலது பக்கம் சாய்ஞ்சு ஓட்டுவீங்க. லாரி முந்தும்போது ஒரு வினாடி காற்று அடைபட்டு வண்டி லாரியை நோக்கி நழுவும். லாரி போனதும் மொத்தக் காற்றும் சேர்ந்து இடது பக்கம் தள்ளும். லாரிச் சத்தம் கேட்டதுமே ஏரோ பாரிலிருந்து கையை எடுத்து, பிரேக் மேல் வைத்து, முழங்கையைத் தளர்த்திடுங்க.

ஒரு சின்ன விசயம், ஆனால் நம்ம வயசில் நிறையப் பேர் தடுமாறுவது: சாளேஸ்வரம். திரையில் ஆறு எண் வைத்தால் ஒன்றும் தெரியாது. துடிப்பு, நேரம், தூரம் மூன்று மட்டும் பெரிய எழுத்தில். இரட்டைப் பார்வைக் கண்ணாடி (பைஃபோக்கல்) போட்டு இறக்கத்தில் இறங்காதீங்க, கீழ்ப்பாதி வழியாக ரோட்டைப் பார்த்தால் பள்ளம் எவ்வளவு தூரத்தில் இருக்கு என்பதே தப்பாகத் தெரியும்.

கொல்லிமலை எழுபது

சிறுவாணி சொன்ன திட்டத்தில் ஒரு குறை உண்டு, எடைப் பயிற்சியே இல்லை. 50-க்கு மேல் அதை விட்டுவிட்டு கடினமும் லேசும் மாறி மாறி ஓட்டும் இடைவெளிப் பயிற்சி மட்டும் செய்தால் பாதி வேலைதான். சைக்கிள் எலும்புக்குச் சுமையே தருவதில்லை. வருஷக் கணக்கில் சைக்கிள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இடுப்பு, கீழ் முதுகெலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கு. கீழே விழுந்தால் இடுப்பு முறிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாரம் இரண்டு நாள், 40 நிமிடம். ஸ்குவாட், ருமேனியன் டெட்லிஃப்ட், ஒற்றைக் காலில் படியேறுதல், கெண்டைக்கால் உயர்த்தல், வயிற்றுக்குப் பிளாங்க். முதல் மூன்று வாரம் லேசான எடையில் 12-15 தடவை, நரம்பும் தசைநாணும் பழகுவதற்கு. அப்புறம் எடையை ஏற்றி 5-8 தடவை, மூன்று செட், செட்டுக்கு நடுவில் இரண்டரை நிமிடம். மூச்சை அடக்கித் தூக்காதீங்க, பிபி எகிறும். இதைக் கடின சைக்கிள் நாளன்றைக்கே சாயங்காலம் வைங்க, ஓய்வு நாளைத் திருடக் கூடாது. போட்டிக்கு ஆறு நாள் முன்பு கடைசிக் கனமான செட்.

தசை கட்டப் புரதம் வேணும். 74 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 100-105 கிராம், வேளைக்கு 30 கிராமாகப் பிரித்து. நம்ம சாப்பாட்டில் காலை வேளைதான் ஓட்டை: நாலு இட்லியும் சாம்பாரும் 12 கிராம் தாண்டாது. கூட மூன்று முட்டை வைத்தால் 30 ஆகிடும். கொள்ளு 50 கிராம் வேகவைத்தால் 11 கிராம், கொண்டைக்கடலை சுண்டல் ஒரு கிண்ணம் 14, வேகவைத்த கோழி 100 கிராமில் 25-க்கு மேல். கொள்ளுப் பருப்பு பயிற்சி நாளில் சாப்பிடுங்க, போட்டிக்கு முந்தின ராத்திரி வேண்டாம், வாயு கட்டும். அன்றைக்கு அரிசிம்பருப்பு சாதமும் தயிரும் போதும்.

சிறுவாணி

எடைப் பயிற்சி பற்றிக் கொல்லிமலையார் சொன்னது சரிங்க, ஏற்றுக்கறேன். ஒரு திருத்தம் மட்டும்: முதல் இரண்டு வாரம் செவ்வாய் 8 நிமிடத் தொகுதியும் புது ஸ்குவாட்டும் ஒரே நாளில் வேண்டாம். தொடை வலி வெள்ளி வரை நிற்கும். அந்த இரண்டு வாரம் எடையை வியாழனுக்கு மாற்றி, வெள்ளிக்கிழமை குறுவெடிப்பை விட்டுடுங்க.

காங்கேயத்தான்

சரிங்க, அப்படியே பண்ணிக்கறனுங்க. மலையேத்தத்துக்கு அந்த அஞ்சு வாரத்துல என்ன மாத்தோணும்? குடிக்கறதுக்கு என்ன கொண்டு போறது? பிபி இருக்கறதால உப்புப் போடலாமான்னு தெரியலை.

கொல்லிமலை எழுபது

முதல் வாரம் முழு ஓய்வு மாதிரி லேசாக. அப்புறம் மூன்று வாரம் செவ்வாய்க்கிழமைத் தொகுதியை மிதி 60-65 வரும்படி பெரிய கியரில், உட்கார்ந்தே செய்யுங்க. முட்டி வலி முழுசாகப் போயிருந்தால் மட்டும். வாரம் ஒரு நாள் நிஜ மலை. கோவை பக்கம் மாங்கரை–ஆனைகட்டி குட்டையான ஏற்றம், சேலம் பக்கம் போனால் ஏற்காட்டின் 20 வளைவு. திம்பத்தின் 27 வளைவும் நல்ல ஏற்றம்தான், ஆனால் புலிகள் காப்பகம், ராத்திரிப் போக்குவரத்துத் தடை உள்ள ரோடு. விடிந்து சோதனைச்சாவடி திறந்தபிறகே ஏறணும். ஆனைகட்டி ரோட்டிலும் விடியும் நேரம் யானை நடமாட்டம் உண்டு. கடைசி வாரம் நேரம் பாதி.

வால்பாறை ரோட்டில் 40 வளைவு. ஏறுபவர்கள் கெட்டுப்போவது முதல் ஒன்பது வளைவுக்குள்தான். லோம்ஸ் வியூ பார்வை முனை வரும்போதே மூச்சு வெடித்திருந்தால் மீதி 31 வளைவுக்கு ஒன்றும் மிச்சமிருக்காது. முதல் 20 நிமிடம் துடிப்பு 148-150, அப்புறம் 153-156. கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம்தான் செங்குத்து அதிகம். போட்டிக்காக ரோடு மூடியிருந்தால் வெளிப்பக்கமாகச் சுற்றுங்க, நாலு மீட்டர் கூடுதல் தூரம் முட்டிக்கு லாபம். ரோடு திறந்திருந்தால் இடது ஓரம்தான், வேறு பேச்சே இல்லை. பஸ் வளைவில் முழு ரோட்டையும் எடுக்கும். மேலே போனபிறகு இறங்கணும் என்பதை மறந்துடுவோம். ரிம் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னாடி பலமாக இரண்டு மூன்று வினாடி, அப்புறம் விட்டுடணும், முன்னும் பின்னும் மாற்றி மாற்றி. பிரேக் கட்டையில் பதிந்திருக்கும் அலுமினியத் துணுக்கை முந்தின நாளே ஊசியில் எடுத்துடுங்க.

குடிக்க: 750 மி.லி. குடுவைக்குச் சர்க்கரை சமமட்டமாக மூன்று மேசைக்கரண்டி, அது 37 கிராம் பக்கம் வரும், ஒரு எலுமிச்சை, உப்பு கால் தேக்கரண்டி. ஒரு மணி நேரத்துக்கு ஒரு குடுவை. கூடவே ஒரு பூவன் பழம். வயசானால் தாகம் தாமதமாகத்தான் எடுக்கும், அதனால் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை மூன்று மடக்கு, தாகம் இருந்தாலும் இல்லாட்டியும். டைம் டிரையல் 40 நிமிடத்துக்குள் முடிவதால் அதற்குக் குடுவையே வேண்டாம், ஆரம்பிக்கும் முன் குடித்தால் போதும்.

ஈரோடு மருந்தாளுநர்

உப்பு விசயம்: ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் வியர்க்கும் நாளில் அந்தக் கால் தேக்கரண்டி பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை தராது, ஆனாலும் வியாழக்கிழமை டாக்டரிடம் இந்தக் கணக்கையே சொல்லிக் கேட்டுக்குங்க. ஓட்டாத நாளில் அந்தக் குடுவை கூடாது. இளநீரையோ பொட்டாசியம் கலந்த பொடியையோ அளவில்லாமல் குடிக்காதீங்க. டெல்மிசார்டான் பொட்டாசியத்தை உடம்பில் தக்கவைக்கும். சிறுநீர் பெருக்கியை நிறுத்தினபிறகு அது இன்னும் கொஞ்சம் ஏறலாம், அதனால் மருந்து மாற்றி இரண்டு மூன்று வாரத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின் இரண்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதி வாங்கிடுங்க.